கேக் அக்கா டியூபா அனுப்பிய கதை

அந்தத் தெருவில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் கேக் அக்காதான். அவளைவிட வயதில் மூத்த தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். யாருக்குப் பிறந்தநாள், யாருக்குப் பதவி உயர்வு, எந்த வீட்டில் யார் யாரிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறார்கள் என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும் முன் அவளுக்குத் தெரிந்துவிடும். கேக்கின் மேல் என்ன எழுத வேண்டும் என்று அவளிடம்தானே சொல்லியாக வேண்டும்! ஆனால் காதில் விழுந்ததை அடுத்த வீட்டில் கொண்டுபோய்க் கொட்டும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. வாய் கெட்டி. வியாபாரமும் அதனால்தான் கெட்டியாக நின்றது என்று சொல்வார்கள்.

வீட்டின் முன்னறைதான் கடை. பின்னால் சமையலறை, அதில் கேக் சுடும் மின்னடுப்புகள் இரண்டு. மாடியில் நாத்தனார் தனியாக இருந்தாள், ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாசலில் ஒரு பழைய சின்ன வேன். மூன்றடுக்குக் கேக்கைப் பின்னால் வைத்துக்கொண்டு கேக் அக்கா அதை ஓட்டும்போது சைக்கிள்காரர்கள் மணியடித்து வழி கேட்பார்கள். அதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. இத்தனை வருடத்தில் அவள் கொண்டுபோன கேக் ஒன்றுகூடச் சாய்ந்ததில்லை, ஒரு பூ இதழ்கூட உதிர்ந்ததில்லை. அது அவளுடைய தொழில் கௌரவம்.

அவள் கணவருக்குத் தெருவில் பம்புக்காரர் என்று பெயர். பெரிய பெரிய தண்ணீர் பம்புகளைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் வேலை. தங்கமான மனிதர். பேச்சு குறைவு, கோபம் அதைவிடக் குறைவு. அவரிடம் இருந்த ஒரே குறை பித்தளையால் ஆனது.

அதுதான் டியூபா. ஊதுகிற வாத்தியங்களிலேயே மிகப் பெரியது, மிகக் கனமானது. குடலைச் சுருட்டி வைத்தது போலக் குழாய், மேலே அண்டா அளவுக்கு விரிந்த வாய். கலைந்துபோன ஒரு பாண்டு குழுவிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கி வந்தார். தினமும் வேலை முடிந்து வந்து, கைகால் கழுவி, அதைக் குழந்தை மாதிரி மடியில் உட்காரவைத்துக்கொண்டு ஊதுவார். ஒரே பாட்டு. அந்தப் பாட்டிலும் முதல் பாதி மட்டும். இரண்டாவது பாதி கஷ்டம் என்பார்.

அந்தச் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிரும். நைட் டியூட்டிக்குப் போகும் முன் ஒரு குட்டித் தூக்கம் போடப் படுத்த நாத்தனார் மாடியிலிருந்து தரையைத் தட்டுவாள். அவர் அதைத் தாளம் என்று எடுத்துக்கொள்வார். கேக் அக்காவுக்கு வேறொரு வழக்கு இருந்தது. டியூபா அடித்தொண்டையில் உறுமும்போதெல்லாம் அடுப்புக்குள் இருக்கும் கேக் நடுவில் அமுங்கிவிடுகிறது என்பது அவள் கட்சி.

"சத்தத்துக்கு எப்படிம்மா கேக் அமுங்கும்? நீ கதவை அடிக்கடி திறந்து பாக்குறே" என்பார் பம்புக்காரர்.

"திறந்து பாக்கலன்னா அமுங்கினது எப்படித் தெரியும்?" என்பாள் இவள்.

இப்படியே பத்து வருடம் ஓடியது. பிறகு கம்பெனி அவரை ஒரு வருடத்துக்குத் தொலைதூர ஊர் ஒன்றுக்கு அனுப்பியது. அங்கே புதிதாகப் பம்பு நிலையம் கட்டுகிறார்கள். அவர் இரண்டு பைகளோடு ரயில் ஏறினார். டியூபா மாடிப்படிக்குக் கீழே துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்தது.

வீடு அமைதியானது. நாத்தனார் கன்னம் பூசினாற்போல ஆகிவிட்டாள், அத்தனை தூக்கம். கேக் அக்கா வேலை செய்துகொண்டே ரேடியோ கேட்டாள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஒரு புதன்கிழமை வரை. அன்று வீட்டில் குண்டூசி விழுந்தால் கேட்கும் அமைதி. அந்த அமைதியிலேயே ஒரு பெரிய வெண்ணிலாக் கேக் நடுவில் குழி விழுந்து கிடந்தது. கேக் அக்கா அதை நீண்ட நேரம் பார்த்தாள். பிறகு துண்டு போட்டு மாடிக்கு எடுத்துப் போனாள்.

"உங்க அண்ணன்கிட்ட சொன்னே, அவ்வளவுதான்" என்றாள்.

நாத்தனார் வாய் நிறையக் கேக்கோடு தலையாட்டினாள்.

அந்த வாரமே அவரிடமிருந்து போன் வந்தது. குரலில் ஒரு துள்ளல்.

"ஏம்மா, இங்க தீயணைப்பு நிலையத்துல ஒரு பாண்டு இருக்கு தெரியுமா? ஞாயித்துக்கிழமை பார்க்ல வாசிப்பாங்க. டியூபா ஊத ஆளே இல்லையாம். நான் ஊதுவேன்னு சொல்லிட்டேன்."

"நீங்க பாதிப் பாட்டுதானே ஊதுவீங்க?"

"அதையும் சொன்னேன். பரவால்ல, மீதியை நாங்க சொல்லித் தர்றோம்னாங்க." குரல் இறங்கியது. "சாயங்காலம் ரூமுக்கு வந்தா பேச ஆளே இல்லம்மா. நேத்து பம்புகிட்ட பேசிட்டிருந்தேன். நல்ல கூரியரா பாத்து அனுப்பி வைக்கிறியா? பத்திரமா வரணும். அந்த வாய் மட்டும் நசுங்கிடக் கூடாது."

"சரிங்க" என்றாள். வேறு என்ன சொல்வது?

விஷயத்தைக் கேட்டதும் நாத்தனார் கண்ணில் ஒரு மின்னல் அடித்தது.

"அண்ணி, எந்த கூரியர்னு நான் சொல்றேன். மார்க்கெட் மூலையில ஒண்ணு இருக்கு. போன வருஷம் என் சிநேகிதி கண்ணாடி டம்ளர் செட் அனுப்பினா. பெட்டியைத் திறந்தா சர்க்கரை மாதிரி இருந்துது. அதுலயே போடுங்க."

"அடிப்பாவி."

"நாம ஒண்ணும் பண்ணலியே! அனுப்பச் சொன்னாங்க, அனுப்பினோம். வழியில நடக்குறதுக்கு நாம பொறுப்பா?"

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகும் அந்த யோசனை கேக் அக்காவை விட்டுப் போகவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டுமானால், மறுநாள் காலை டியூபாவை வேனில் ஏற்றியபோது அவள் வண்டி தானாகவே மார்க்கெட் மூலைப் பக்கம்தான் திரும்பியது.

அது ஒரு நீளமான ஷெட். கவுன்டரில் ஒருவன் காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு ரசீது கிழித்துக்கொண்டிருந்தான். அவன் பின்னால் இரண்டு பேர் பார்சல்களைக் கம்பிக் கூண்டுக்குள் எறிந்தார்கள். வைக்கவில்லை, எறிந்தார்கள். அதில் அவர்களுக்குள் ஏதோ போட்டிகூட இருந்த மாதிரி தெரிந்தது. பெரிய எழுத்தில் 'உடையும் பொருள்' என்று எழுதி, மூலைக்கு மூலை நாடா ஒட்டி, கைப்பிடிக்குக் கயிறுகூடக் கட்டிய ஒரு பெட்டி காற்றில் பறந்து போய்க் கூண்டின் பின்கம்பியில் மோதி விழுந்தது. உள்ளே என்னமோ கலகலவென்றது.

"ஒண்ணும் கவலைப்படாதீங்க மேடம்" என்றான் கவுன்டர்க்காரன், அவள் இன்னும் வாயையே திறக்காதபோது. "எங்ககிட்ட குடுத்தா சொந்தக் குழந்தை மாதிரி."

கேக் அக்கா கலகலத்த அந்தப் பெட்டியையே பார்த்தாள். யாரோ உட்கார்ந்து அந்தக் கயிற்றைக் கட்டியிருக்கிறார்கள். இரட்டை முடிச்சு வேறு. அவள் திரும்பி வந்து வண்டியை எடுத்தாள்.

"என்ன அண்ணி, போட்டீங்களா?" என்று நாத்தனார் போனில் கேட்டாள்.

"இல்லடி. கை வரல."

"பாசமா?"

"பாசமாவது ஒண்ணாவது. அந்தச் சத்தம் எனக்கு இப்பவும் பிடிக்காது. ஆனா பத்து வருஷம் நான் சகிச்ச சாமான்டி அது. எவனோ ஒருத்தன் ரெண்டு நிமிஷத்துல நசுக்கிட்டுப் போவானா?"

அன்றிலிருந்து கேக் அக்கா முழு மூச்சாக இறங்கினாள். அடுத்துப் போனது குளிரூட்டிய ஓர் ஆபீஸ். தரை பளபளவென்று முகம் பார்க்கலாம் போலிருந்தது. ஒரு பெண் பல் தெரியச் சிரித்து, இன்சூரன்ஸ் உண்டு, செல்போனிலேயே பார்சல் எங்கே போகிறது என்று பார்த்துக்கொள்ளலாம், எதற்கும் கவலையே வேண்டாம் என்றாள். கேக் அக்காவுக்குப் பொடி எழுத்துப் படிக்கும் பழக்கம் உண்டு. எசன்ஸ் பாட்டில், முட்டைப்பெட்டி எதையும் விடமாட்டாள். அந்தப் பெண் நீட்டிய தாளையும் விடவில்லை.

"இதுல கடைசியில இசைக்கருவிகளுக்கு இன்சூரன்ஸ் பொருந்தாதுன்னு போட்டிருக்கே?"

பெண்ணின் சிரிப்பு அப்படியே இருந்தது. "அது சும்மா ஒரு விதிமுறை மேடம்."

"ஒடைஞ்சா அப்போ யார் பொறுப்பு?"

"ஒடையாது மேடம்."

"ஒடைஞ்சா?"

"கவலையே படாதீங்க மேடம்."

மூன்றாவது, தெரிந்தவர் ஒருவரின் லாரி சர்வீஸ். மனிதர் நல்லவர், காசே வேண்டாம் என்றார். ஆனால் டியூபாவை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டதற்கு, சிமென்ட் மூட்டைக்கு மேல் வைத்தால் ஆடும், அதனால் கீழே வைத்து மேலே மூட்டையை அடுக்கிவிடலாம் என்று யோசனை சொன்னார். கேக் அக்கா அவர் வீட்டார் நலம் விசாரித்துவிட்டு வந்துவிட்டாள்.

நான்காவது இடத்துக்கு அவள் நம்பிக்கையோடு போகவில்லை. பஸ் நிலையத்துக்குப் பின்னால், சாவி செய்கிற கடைக்கும் சலூனுக்கும் நடுவில் இருந்த ஒரு சிறிய கிளை. கவுன்டரில் இருந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். முகம் ஏதோ இப்போதுதான் கெட்ட செய்தி கேட்டது போல இருந்தது. அவருக்குப் பின்னால் சுவரில் 'புன்னகையுடன் சேவை' என்று ஒரு போஸ்டர். அது அவருக்காகவே ஒட்டியது என்று பார்த்ததும் தெரிந்தது. சரியான உம்மணாமூஞ்சி என்று கேக் அக்கா மனசுக்குள் பெயர் வைத்தாள்.

"என்ன சாமான்?"

"டியூபா. ஊதுற வாத்தியம். வெளியில வேன்ல இருக்கு."

அவர் எழுந்து வந்து பார்த்தார். சுற்றி வந்தார். குனிந்து அதன் வாய்க்குள் எட்டிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"இப்படியே குடுத்தீங்கன்னா நசுங்கும்."

கேக் அக்கா நிமிர்ந்து நின்றாள். இத்தனை பேரில் முதல் ஆள்!

"எங்க நசுங்கும்?"

"முதல்ல இந்த வாய். தகடு மெலிசு. உள்ள காலியா இருந்தா வெளியில இருந்து ஒரு தட்டு போதும். அப்புறம் இந்த அமுக்குற பொத்தான். பெட்டிக்குள்ள ஆடினா வளைஞ்சிடும்." யாரோ இறந்த செய்தியைச் சொல்வது போல ஒவ்வொன்றாகச் சொன்னார். "ஊர்வாரியாப் பார்சல் பிரிக்கிற எடத்துல ஓடுற பெல்ட்ல போகும். ஒரு எடத்துல பெல்ட்டுல இருந்து கீழ விழும். இந்த உயரம்." கையை இடுப்புக்கு வைத்துக் காட்டினார்.

"எல்லாப் பார்சலும் விழுமா?"

"பெல்ட்ல போறது எல்லாம் விழும். பெட்டி பெல்ட்டுக்கு அடங்காத அளவுக்குப் பெருசா இருந்தா கையிலதான் தூக்குவாங்க. ரெண்டு ஆள். காசு கூட ஆகும்."

"அப்போ பெருசாவே பண்ணிடலாமா?"

"பண்ணலாம். அப்பவும் தலைகீழா வைக்க மாட்டாங்கன்னு நான் சொல்ல மாட்டேன்."

"நீங்க இதுவரைக்கும் எதையாவது ஒடைச்சிருக்கீங்களா?"

அவர் தயங்கவில்லை. "போன மாசம் ஒரு மீன் தொட்டி. அதுக்கு முன்னாடி ஒரு ஸ்டாண்ட் ஃபேன். ரெண்டுக்கும் பணம் குடுத்தோம். வாத்தியத்துக்கும் தனியாக் கட்டினா இன்சூரன்ஸ் உண்டு. ஆனா பணம் வாங்கி என்ன பண்றது, போனது போனதுதானே?"

இவரிடம் என் கேக்கையே கொடுத்தனுப்புவேன் என்று நினைத்தபடி கேக் அக்கா வீட்டுக்கு வந்தாள். பல நாளில் ஒரு அந்நிய மனிதரிடம் இப்படி மனம் ஒத்துப் பேசியதில்லை.

பேக்கிங் வேலை ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் நடந்தது. ஃபிரிட்ஜ் கடையிலிருந்து ஒரு ராட்சதப் பெட்டி வாங்கி வந்தாள். கேக் அடியில் வைக்கும் வட்ட அட்டைகள், ஸ்பாஞ்ச் தாள், குமிழ்த்தாள், அவருடைய பழைய ஸ்வெட்டர்கள் எல்லாம் மேசையில் பரப்பியாயிற்று. நாத்தனாரும் ஒத்தாசைக்கு இறங்கி வந்தாள். இறங்கி வந்தவள் சும்மா இருக்கவில்லை.

"அண்ணி, உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஊதிப் பாக்கட்டுமா?"

முதலில் வெறும் காற்று வந்தது. பிறகு எச்சில். கன்னம் சிவக்கச் சிவக்க ஊதியதில் மூன்றாவது முறை எருமை கனைத்தது போல ஒரு சத்தம் வந்து மேசையில் இருந்த கரண்டிகள் அதிர்ந்தன. நாத்தனார் அதை மடியில் வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் அவளிடமிருந்து அதைப் பிடுங்குவதே பெரும்பாடாகிவிட்டது. இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரே ஒரு தடவை என்று, அரை மணி நேரம் பேக்கிங் நின்றுபோனது.

கடைசியில் அதன் வாய்க்குள் ஸ்வெட்டர்களைத் திணித்து, ஊதுகிற முனையைக் கழற்றித் தனியாகச் சுற்றி, பொத்தான்களுக்கு மெத்தை வைத்துக் கட்டி, வாத்தியத்தை அதன் உறைக்குள் வைத்து, உறையை ஒரு பெட்டிக்குள் வைத்து, அந்தப் பெட்டியை ராட்சதப் பெட்டிக்குள் வைத்து, இடைவெளியெல்லாம் அடைத்தார்கள். கேக் அக்கா ஆட்டிப் பார்த்தாள். அசைவே இல்லை. ஆனாலும் அவள் முகம் தெளியவில்லை.

"அவர் இடுப்பு உயரம்னு சொன்னாரு."

"யார் சொன்னா?"

"உம்மணாமூஞ்சி. பெல்ட்ல இருந்து விழும்னாரு. கையில தூக்கினாலும் ஒரு நேரத்துல நழுவ விடுவாங்கல்ல?" சொல்லிக்கொண்டே பெட்டியை மேசை விளிம்புக்கு நகர்த்தினாள்.

"அண்ணி, வேணாம்! அண்ணி!"

தடாலென்று விழுந்தது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. இரண்டு பேரும் எல்லாவற்றையும் பிரித்து, ஸ்வெட்டர்களை உருவி, டியூபாவை வெளியே எடுத்துத் தடவித் தடவிப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை என்றுதான் தோன்றியது. மறுபடி எல்லாவற்றையும் உள்ளே வைத்து ஒட்டி முடிப்பதற்குள் இருட்டிவிட்டது.

மறுநாள் உம்மணாமூஞ்சி பெட்டியை நாலு பக்கமும் அமுக்கிப் பார்த்தார். ஒரு மூலையில் நாடா கொஞ்சம் தளர்ந்திருந்ததைக் கண்டுபிடித்து, தானே இன்னொரு சுற்று ஒட்டினார். முகவரிச் சீட்டை ஒன்றுக்கு மூன்றாக ஒட்டினார்.

"எதுக்கு மூணு?"

"ரெண்டு கிழிஞ்சுடும்" என்றார்.

பார்சல் கிளம்பியது. கேக் அக்கா மாவு ஒட்டிய விரலால் செல்போனைத் தடவித் தடவி அது எங்கே போகிறது என்று பார்த்தாள். நன்றாகத்தான் போனது. பாதி வழியில் ஏதோ ஒரு பிரிப்பு நிலையத்தில் போய் நின்றது. மறுநாளும் அங்கேயே நின்றது. பொறுக்க மாட்டாமல் அவள் போன் போட்டாள்.

"நானும் காலையில இருந்து அதைத்தான் பாத்துட்டிருக்கேன்" என்றார் உம்மணாமூஞ்சி. "எனக்கும் சரியாப் படல. விசாரிக்கிறேன்."

மதியத்துக்குள் அவரே கூப்பிட்டார். பெட்டியை ஃபிரிட்ஜ் என்று நினைத்து ஃபிரிட்ஜ்களோடு ஒதுக்கிவிட்டார்களாம். வெளியே ஃபிரிட்ஜ் படம் போட்டிருக்கிறதே! கேக் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். அந்தப் படத்தின் மேல் காகிதம் ஒட்ட இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

"என் தப்புதான். நான் கவனிச்சிருக்கணும்" என்றார் அவர். "ஆனா ஒண்ணு. ஃபிரிட்ஜுன்னு நெனச்சதால நிமிர்த்தியே வச்சிருக்காங்க."

பெட்டி போய்ச் சேர்ந்தது. பம்புக்காரர் வீடியோ காலில் அதைத் திறந்தார். ஸ்வெட்டர்களை ஒவ்வொன்றாக உருவ, நாத்தனார் கேக் அக்காவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். டியூபா பளபளவென்று வெளியே வந்தது. அவர் முகத்தில் ஒரு பரவசம். பிறகு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, அடியில ஒரு சின்னக் குழி இருக்கே. கட்டைவிரல் அளவு. இது முன்னாடி இருந்துதா?"

நாத்தனாருக்குத் திடீரென்று மாடியில் ஏதோ வேலை ஞாபகம் வந்துவிட்டது.

"அது பழசுங்க" என்றாள் கேக் அக்கா.

"பழசு மாதிரி தெரியலியே. கூரியர்ல பண்ணியிருப்பாங்க. சத்தத்துக்கு ஒண்ணும் கெடல, ஆனாலும் நீ போய்ச் சொல்லு. இன்சூரன்ஸ் கட்டியிருக்கோம்ல?"

அவள் சொல்லப் போகவில்லை. ஆனால் பம்புக்காரர் நேர்மையாக அந்த ஊர்க் கிளையில் சொல்லிவிட்டார். இரண்டு நாளில் உம்மணாமூஞ்சியே கடை வாசலில் வந்து நின்றார். முகம் இன்னும் ஒரு சுற்று இருண்டிருந்தது.

"குழி விழுந்துடுச்சாமே. என் கையால அனுப்பினது. நஷ்டஈடு எழுதிடலாம் மேடம். எனக்கு ராத்திரி தூக்கமே வரல."

கேக் அக்காவால் அதைத் தாங்க முடியவில்லை. அவரை உட்காரவைத்து, காபி கொடுத்து, கேக் கொடுத்து, பிறகு மேசையைக் காட்டினாள்.

"சார், நீங்க இடுப்பு உயரம்னு சொன்னீங்கல்ல? நான் இதுல இருந்து தள்ளிவிட்டுப் பாத்தேன்."

அவர் மேசையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். கையிலிருந்த கேக்கை நிதானமாக மென்று விழுங்கினார்.

"அதானே பாத்தேன்" என்றார். "நாங்க பண்ணியிருந்தா இதைவிடப் பெருசா இருந்திருக்கும்."

கிளம்பும்போது, தட்டில் இருந்த உலர்பழக் கேக்கைக் காட்டி, இந்த மாதிரி கெட்டியான கேக் என்றால் நல்ல டப்பாவில் வெளியூருக்குத் தாங்கும், அந்த கிரீம் சமாச்சாரமெல்லாம் தாங்கவே தாங்காது என்று கேட்காமலேயே சொல்லிவிட்டுப் போனார். அப்படித்தான் கேக் அக்காவின் வெளியூர் வியாபாரம் ஆரம்பித்தது. இன்றைக்கு வாரத்தில் பாதி அதற்கே போகிறது. கணவரிடம் அவள் உண்மையைச் சொன்னாள். ஆனால் அவர் ஒத்திகைக்கு அவசரமாகக் கிளம்பிக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்துச் சொன்னாள்.

குளிர் குறைந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணியும் நாத்தனாரும் ரயிலேறிப் போனார்கள். பார்க்கில் மடக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். தீயணைப்புக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, கடைசியில் இரவல் கோட்டில் பம்புக்காரர். கோட்டின் நடுப்பொத்தான் எந்த நொடியும் தெறிக்கும் போலிருந்தது. வாசித்தார்கள். அவர் உறுமியபோது ஜன்னல் ஏதும் அதிரவில்லை. திறந்த வெளியில் அந்தச் சத்தம் மற்ற சத்தங்களுக்கெல்லாம் கீழே தரை போட்டது போலப் பரவி நின்றது. கேக் அக்கா தன் கால் தாளம் போடுவதைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். கொஞ்ச நேரத்தில் அது மறுபடி போட ஆரம்பித்தது.

முடிந்ததும் அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"எப்படி இருந்துது?"

"நாலு பேரோட சேர்ந்து ஊதினா நல்லாதாங்க இருக்கு."

"ரெண்டாவது பாதியும் ஊதினேனே, கவனிச்சியா?"

"கவனிச்சேன். ஒரு எடத்துல தப்பு."

"ஒரு எடமா? மூணு எடம்மா!" என்றார் சந்தோஷமாக. பேச்சு குறைந்த அந்த மனிதர், சாப்பிடப் போகும் வழியெல்லாம் எந்தெந்த இடத்தில் எப்படித் தப்பு விட்டார், கொம்பு ஊதுகிறவர் அவரை எப்படிக் காப்பாற்றினார் என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஹோட்டல் வாசல் வந்தும் நிறுத்தவில்லை. பசி தாங்காத நாத்தனார் முன்னால் போய் மூன்று பேருக்கு இடம் பிடித்தாள்.